படகு எண்ணின் முன்பகுதியை 300 வரியிலும் ஒரே வெட்டில் நீக்க முடியுமா?

மண்டபம் ஊர் மீன் ஏலக் கணக்கைப் படகு எண், மீன், கிலோ, விலை என்ற வரிசையில் நோட்பேடில் அடித்து வைத்திருக்கிறீர்கள். எண்ணுக்கு முன்னால் வரும் ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்-’ (IND-TN-10-MM-) போக வேண்டும், கிலோ மட்டும் தனியே வேண்டும் என்கிறீர்கள். முதலாவது அரை நிமிட வேலை. சிக்கல் இரண்டாவதில்தான்.

விண்டோஸின் சாதா நோட்பேடில் நெட்டுக்குத்தாகத் தேர்வு செய்ய வழியே இல்லை. நோட்பேட் பிளஸ் பிளஸ் இலவசம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வியூ மெனுவில் வேர்ட் ராப் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். வரி மடங்கிக் கிடந்தால் தேர்வு கோணல்மாணலாகும். முதல் வரியின் தொடக்கத்தில் கிளிக் செய்து, கடைசி வரிக்குப் போய், அங்கே 13 எழுத்து தள்ளி (கோடுகளும் சேர்த்தி) ஆல்ட்டும் ஷிப்ட்டும் பிடித்தபடி கிளிக் செய்யுங்கள். பிறகு டெலிட். விஎஸ் கோடு என்ற எடிட்டரிலும் இதே இரண்டு விசைதான். ஏதாவது ஒரு வரியில் எண்ணுக்கு முன் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தாலும் அங்கே ஓர் எழுத்து தப்பும், கண்ணை ஓட்டிவிடுங்கள்.

வரிசை எண் வேண்டுமானால் நோட்பேட் பிளஸ் பிளஸில் ஆல்ட்டும் சி-யும். எதையும் தேர்வு செய்யாமல் அழுத்தினால் கர்சரிலிருந்து கோப்பின் கடைசி வரைக்கும் எண் போட்டுவிடும். அடியில் இருக்கும் ‘மொத்தம்’ வரிக்கும் ஒன்று விழும்.

இனி கிலோ. அது மீன் பெயருக்கு வலப்பக்கம் இருக்கிறது. ‘சூடை’ பார்வைக்கு இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு: ச, ஊகாரக் குறி, ட, ஐகாரக் குறி. ‘நெத்திலி’ எட்டு. சம அகல எழுத்துரு வைத்தாலும் பெரும்பாலும் அதில் தமிழ் இருக்காது. வேறு எழுத்துருவிலிருந்து வந்து உட்காரும், அகலம் ஒத்துப்போகாது. ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கினாலும் நிற்காது. அந்தப் பக்கம் கட்டம் கட்டி வெட்டினால் மீன் பெயரின் வால் சேர்ந்து போகும், அல்லது புள்ளிவட்டத்தோடு ஒரு குறி அநாதையாகத் தொங்கும்.

ஆகவே அங்கே கட்டத் தேர்வு வேண்டாம். பத்திகளுக்கு நடுவே டேப் இருந்தால் மொத்தத்தையும் எக்செலில் ஒட்டுங்கள், தானாகப் பிரிந்துகொள்ளும். கிலோவை அங்கேயே எடுக்கலாம். அடுத்த மாதக் கணக்கில் மீன் பெயரைக் கடைசிப் பத்தியாக வைத்துவிடுங்கள். எண்களெல்லாம் இடப்பக்கம் நேராக நிற்கும், ஆல்ட் வெட்டு அங்கே பிசகாது.