பிள்ளைகள் வைத்தியசாலைக்காக லண்டன் மரதன்: கேள்விகளும் பதில்களும்

கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் பிள்ளைகள் வைத்தியசாலையின் தொண்டு நிறுவனத்துக்காக லண்டன் மரதன் ஓட விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஓடுவதைப் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காசு கேட்பதைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

குலுக்கலில் எனக்கு இடம் விழவில்லை. தொண்டு நிறுவனம் மூலம் போனால் இடம் நிச்சயமா? (ஹாரோ)

2026 ஓட்டத்துக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், தம்பி. விழாததில் அதிசயமில்லை. தொண்டு நிறுவனங்கள் ஏற்பாட்டாளரிடம் காசு கொடுத்துச் சில இடங்களை வாங்கி வைத்திருக்கும். அதில் ஒன்று வேண்டுமென்றால் குறைந்தது இவ்வளவு சேர்ப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 2000 பவுண், அதற்கு மேலும் இருக்கும். அங்கேயும் போட்டி உண்டு. எப்படிச் சேர்ப்பீர்கள் என்ற கேள்விக்கு 'முகநூலில் போடுவேன்' என்று மட்டும் எழுதினால் யாரும் அசரமாட்டார்கள்.

அது என்எச்எஸ் (அரசாங்க வைத்திய சேவை) வைத்தியசாலைதானே, பிறகு எதற்குக் காசு என்று அப்பா கேட்கிறார். (டூட்டிங்)

இதை எல்லோரும் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். அன்றாட வைத்தியச் செலவு அரசாங்கத்துடையது. ஆராய்ச்சி, புதிய கட்டடம், கருவிகள், தூரத்திலிருந்து வரும் பெற்றோர் தங்க இடம் என்பவற்றுக்குத்தான் நன்கொடை போகிறது. 1852இல் 10 கட்டில்களோடு தொடங்கிய இடம் அது. 1948இல் என்எச்எஸ் வரும்வரை நன்கொடையை நம்பியே நடந்தது. 1929இல் எழுத்தாளர் ஜே. எம். பாரி தன் 'பீட்டர் பான்' சிறுவர் கதையின் உரிமையையே இந்த வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குக் கதை பிடிக்குமென்றால் இதிலிருந்தே தொடங்குங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் என் நன்கொடைப் பக்கத்தின் இணைப்பைப் போட்டேன். கும்பிடு எமோஜிதான் நிறைய வந்தது, காசு வரவில்லை. (குரொய்டன்)

குழுவில் போட்டால் அப்படித்தான், அக்கா. எல்லோருக்கும் சொன்னது யாருக்கும் சொன்னதாகாது. ஆளாளுக்குத் தனியாக, பெயர் சொல்லி, இரண்டு வரி அனுப்புங்கள். சம்பளம் வந்த கிழமையில் அனுப்புவது இன்னும் நல்லது. முதலில் கை தாராளமானவரிடம் கேளுங்கள். நன்கொடைப் பக்கத்தில் முதல் தொகை 50 பவுண் என்று நின்றால் அடுத்தவர் 5 போடக் கூச்சப்படுவார். வயதானவர்களுக்கு இணைப்பு அனுப்பாதீர்கள், தொலைபேசி எடுங்கள். அவர்கள் கடித உறையில் காசாகத்தான் தருவார்கள், அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

கிஃப்ட் எய்ட் எல்லாவற்றுக்கும் கிடைக்குமா? அலுவலகத்தில் ரோல்ஸ் விற்கவும் நினைக்கிறேன். (ஈஸ்ட்ஹாம்)

இங்கே வருமான வரி கட்டுபவர் 20 பவுண் கொடுத்தால், தொண்டு நிறுவனம் வரித் திணைக்களத்திடமிருந்து இன்னொரு 5 பவுணை வாங்கிக்கொள்ளும். அதுதான் கிஃப்ட் எய்ட். நன்கொடை கொடுக்கும்போது அதற்கான கட்டத்தில் ஒரு சரி போடுவதுதான் கொடுப்பவரின் வேலை. ஆனால் ரோல்ஸ் வாங்கியவர் காசுக்குப் பொருள் வாங்கியிருக்கிறார், அது நன்கொடை ஆகாது. யாழ்ப்பாணத்துச் சித்தப்பா கொடுக்கலாம். ஆனால் இங்கே வரி கட்டாதவர் என்பதால் சரி போடக்கூடாது. பெரியம்மா கையில் தந்த காசை உங்கள் அட்டையில் கட்டி உங்கள் பெயரில் சரி போடுவதும் தவறு. அதற்கென்று அச்சடித்த படிவம் இருக்கிறது. முழுப்பெயர், வீட்டு முகவரி, தபால் குறியீடு மூன்றையும் பெரியம்மாவே எழுதி, சரியும் அவரே போடட்டும்.

உண்டியல் வைக்க நினைத்தால் கோயிலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். தெருவில் என்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

என் மருமகள் அங்கே சிகிச்சை பெற்றவள். அவள் படத்தைப் போடலாமா? (இல்ஃபோர்ட்)

படம் போட்டால் காசு கூடும், உண்மைதான். ஆனாலும் அவளைப் பெற்றவர்களிடம் கேளுங்கள், விவரம் தெரிந்த வயதென்றால் அவளிடமும் கேளுங்கள். நோயின் பெயரும் முழுப்பெயரும் பொதுவெளியில் வேண்டாம். அவள் வேலைக்குப் போகும் காலத்திலும் அந்தப் பக்கம் இணையத்தில் கிடக்கலாம்.

சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். எப்போது பயிற்சி? (வெம்பிளி)

பள்ளி வாசலில் விட்டுவிட்டு அங்கிருந்தே ஓடுங்கள். 9 மணி பார்க்ரன் (பூங்காவில் எல்லோரும் சேர்ந்து ஓடுவது) அருகில் இருந்தால் 5 கிலோமீட்டர் இலவசமாக முடியும். நீண்ட ஓட்டம் ஞாயிறு காலை.

முழங்கால் வலிக்கிறது.

ஃபிசியோவிடம் போங்கள். ஓட முடியாதென்றால் தொண்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

பனியனில் பெயர் எழுதத்தான் வேண்டுமா? (சட்டன்)

கட்டாயம் எழுதுங்கள். கட்டி சார்க் கப்பலடியிலும் டவர் பிரிட்ஜிலும் முன்பின் தெரியாத சனம் பெயர் சொல்லிக் கத்தும். 'பரமேஸ்வரன்' நெஞ்சில் அடங்காது, ஆங்கிலேயர் வாயிலும் அடங்காது. 'பரம்' போதும்.

ஓட்டம் முடிந்ததும் பக்கத்தை மூடிவிடலாமா?

கூடாது! அன்றிரவே பதக்கத்தோடு ஒரு படமும் இணைப்பும் அனுப்புங்கள். 'பார்ப்போம்' என்றவர்கள் அப்போதுதான் கொடுப்பார்கள். அப்புறம், வேலையிடத்தில் இணைக்கொடைத் திட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நீங்கள் சேர்த்த அளவுக்கே நிறுவனமும் போடும் இடங்கள் உண்டு. சில இடங்களில் ஓட்டத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அதனால் இதை மட்டும் இந்தக் கிழமையே கேட்டுவிடுங்கள்.