‘ஸ்கேன் நார்மல்’ என்கிறார்கள், அடிவயிற்று வலி மட்டும் மூன்று ஆண்டுகளாகப் போகவில்லை. எப்படிச் சமாளிப்பது?

எனக்கு இந்த வலி ஒன்பது ஆண்டுகளாக. அதில் முதல் ஆறு ஆண்டுகள் அது ‘சூட்டு வலி’யாகவே இருந்தது. பாம்பன் பக்கம் எங்கள் ஊரில் பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால் சூடு என்பார்கள், வெந்தயம் கொடுப்பார்கள். நான் விழுங்கிய வெந்தயத்தில் ஒரு வயலே விதைத்திருக்கலாம்.

மூன்று ஸ்கேன், மூன்றும் நார்மல். “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்றார் ஒரு மருத்துவர். ஆன பிறகுதான் வலி கூடியது.

கடைசியில் உதவியது தினசரிக் காலண்டர். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமி பார்த்து, நீர் வற்றும் நாளைக் குறித்து வைப்பார். அதே தாளில் நான் வலியைக் குறித்தேன்: பத்துக்கு எத்தனை, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், மலம் கழிக்கும்போது வலித்ததா, சிறுநீர் போகும்போதா. நான்கு மாதத் தாள்களை மதுரையில் ஒரு மகளிர் மருத்துவர் பொறுமையாகப் புரட்டினார். எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்றார், வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் உறுதியானது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் இது. சுமார் பத்தில் ஒரு பெண்ணுக்கு உண்டு; சாதாரண ஸ்கேனில் பல நேரம் தெரியாது. உங்களுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. குடலோ சிறுநீர்ப்பையோகூடக் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்துக் காட்டத்தான் அந்தத் தாள்.

இப்போது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். வலி மாத்திரையை, மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, வலி உச்சத்துக்குப் போவதற்கு முன்பே போட்டுக்கொள்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிய காலத்தில் அது வேலையே செய்ததில்லை.

நான் எதிர்பாராதது பிசியோதெரபி. ஆண்டுக்கணக்கில் வலித்தால் இடுப்புக்கு அடியில் இருக்கும் தசைகள் தாமாகவே இறுகிவிடுகின்றன. அந்த இறுக்கமே தனி வலி. வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து அவற்றைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. விடாமல் செய்தேன். சிறுநீரை அடக்குவதையும் விட்டேன். கடலில் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கும் அம்மாவிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்.

வலி ஒழியவில்லை, எட்டாக இருந்தது நான்காகியிருக்கிறது. பாயில் சுருண்டு கிடந்த நாட்களில் இப்போது சமைக்கிறேன்.

காய்ச்சல், மயக்கம், நிற்காத வாந்தி, அல்லது நாள் தள்ளிப்போயிருக்கும்போது திடீரென்று கடும் வலி வந்தால் காலண்டரை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.