பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முதல் செலவு எதற்கு?

கேள்வி: லண்டனில் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறேன். முதல் ஸ்போர்ட்ஸ் கார். புது அலாய் வீலும் சைலன்சரும் மாட்ட ஆசை. எதில் ஆரம்பிக்கலாம்?
– வாசகர், ஹாரோ

பதில்: ஆசை இருக்கட்டும், அந்தக் காசை முதலில் காரின் அடிப்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். இந்த வண்டிக்கு எஞ்சின் எமன் இல்லை, துருதான். குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பு ஒரு பக்கம் என்றால், சீட்டுக்குப் பின்னால் மழைநீர் இறங்குகிற துளைகளில் இலைதழை அடைத்து, தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிப் பகுதிக்குள் தேங்கி உள்ளிருந்தே அரித்துவிடும், வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். முன்பக்க சேஸிஸையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் பழைய விவரங்கள் அரசு இணையதளத்தில் இலவசம், "துரு" என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எஞ்சினின் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் டயர். பட்டன் நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-இன் 23-வது வாரம் தயாரானது. பின்சக்கரம் இழுக்கிற வண்டி இது, பழசாகிக் கெட்டித்துப்போன டயரோடு ஈரமான ரவுண்டானாவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வால் சுழன்றுவிடும்.

சைலன்சரா? மாட்டுவதானால் இன்ஷூரன்ஸ்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.