ஆற்றைப் பார்த்த பால்கனிக்குக் கிளி வாங்கலாமா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையை ஒட்டிய குடியிருப்பில் மூன்றாம் மாடிக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். பால்கனி தெற்கே ஆற்றைப் பார்த்தது. முழங்கால் வலியால் நான் வெளியே போவது குறைவு. கோடை முழுக்க வீட்டிலிருந்தபடியே ஆற்றையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டிருக்க ஆசை. ஆனால் ஆறு இப்போது வெறும் மணலாகக் கிடக்கிறது. "பால்கனியைப் பறவைத் தோட்டமாக்கித் தருகிறேன்" என்று ஒருவர் தீனித் தட்டு, மரக்கூடு, ஒரு ஜோடி பச்சைக்கிளி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் கேட்கிறார். 1,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியையும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. முதலில் கிளி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

பச்சைக்கிளி நம் ஊர்க் காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வாங்கிக் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விற்றவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கூண்டு தொங்குவது உங்கள் வீட்டில்.

"பேப்பரோடு தருகிறேன், பண்ணையில் பொரித்த குஞ்சு" என்று அவர் சொல்லக்கூடும். பச்சைக்கிளியை விற்க அனுமதிக்கும் அப்படியொரு பேப்பர் கிடையாது. ரசீதில் எத்தனை முத்திரை இருந்தாலும் அது உங்களைக் காப்பாற்றாது. லவ்பேர்ட்ஸ் என்று விற்கும் வெளிநாட்டுச் சிறுகிளிகளின் கதை வேறு, அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு நம் சில்லைக் குருவிகளுக்குப் பச்சை, சிவப்புச் சாயம் பூசி "கலர் பேர்ட்ஸ்" என்று கூண்டு கூண்டாக விற்கிறார்கள். அதையும் வாங்கிவிடாதீர்கள். இரண்டு முறை குளித்தால் சாயம் வெளுக்க ஆரம்பிக்கும்.

இந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தை, மாசியில் தொடங்கிச் சித்திரை வரை கிளிகள் பனைப் பொந்திலும் பழைய கட்டட ஓட்டைகளிலும் குஞ்சு பொரிக்கும். குஞ்சு பறந்து வெளியேற ஆறேழு வாரமாவது வேண்டும். அதற்குள் பொந்தை உடைத்து, இறகு சரியாக முளைக்காததை எடுத்து, அட்டைப்பெட்டியில் நெருக்கி அடைத்துக் கொண்டுவருகிறார்கள். வழியிலேயே பல செத்துப்போகும். பிழைத்ததன் இறக்கையை வெட்டித்தான் நம் கையில் தருகிறார்கள். கோடையில் கிளி வியாபாரம் சூடு பிடிக்கிற காரணம் இதுதான்.

சட்டம் வந்து ஐம்பது வருடம் தாண்டியும் சந்தையில் கூண்டுகள் வெளிப்படையாகத் தொங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. புகார் சொன்னால் "அது எங்கள் எல்லை இல்லை" என்று இன்னொரு நம்பரைத் தருவார்கள். அங்கே கேட்டால் திங்கட்கிழமை வரச் சொல்வார்கள். திங்கட்கிழமை அந்த வியாபாரி வேறு ஊர்ச் சந்தையில் இருப்பார். மனம் மாறி, வளர்த்த கிளியை ஒப்படைக்கப் போகிறவரைத்தான் உட்காரவைத்து ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். அப்படியிருந்தால் யார் ஒப்படைக்க வருவார்கள்?

சரி, ஆற்றுக்கு வருவோம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். ஆனால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. ஆகவே சித்திரை, வைகாசியில் உங்களுக்குக் கிடைப்பது மணலும் நடுவே இரண்டொரு ஓடையும்தான். அதை வெறும் மணல் என்று ஒதுக்காதீர்கள். தண்ணீர் சுருங்கும்போது மீனும் சுருங்கிய இடத்தில் சேரும், கொக்கும் மடையானும் அங்கே வந்து நிற்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஓடைக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, செங்குத்தாக விழுவதை மூன்றாம் மாடியிலிருந்து நன்றாகப் பார்க்கலாம். ஆள்காட்டி மணல் திட்டிலேயே முட்டையிடும். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருப்பதால் பக்கத்தில் போனாலும் தெரியாது. ஆள் நடமாடினால் அது கத்திக்கொண்டே மேலே சுற்றும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஞ்சுருட்டான் கரையின் மண் சரிவில் வளை தோண்டும். இதே மாதங்களில்தான் மணல் வண்டிகளும் ஆற்றில் இறங்குகின்றன. முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை இறக்கு என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. குளிர்காலத்தில் வந்த வலசைப் பறவைகள் ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும், அவற்றை இப்போது தேட வேண்டாம்.

உங்கள் பால்கனி தெற்குப் பார்த்திருப்பது நல்ல அமைப்பு. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிப் பொழுதில் சூரியன் திருச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் மே மாத வெயில் உங்கள் பால்கனிக்குள் நேரே இறங்காது, எதிரே இருக்கும் ஆற்றின் மேல் வெளிச்சம் நன்றாக விழும். காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை உட்காருங்கள். நடுப்பகலில் பறவைகளும் நிழலில் ஒதுங்கிவிடும்.

காசு செலவழிக்க ஆசையிருந்தால் பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். அதில் 8×42 என்று எழுதியிருக்க வேண்டும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். நடைபாதையில் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று கூவி விற்பதைத் தொடாதீர்கள். பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் பெருகும், பறவை கண்ணில் நிற்காது.

பால்கனியில் தண்ணீர் வையுங்கள். மூன்று விரல் ஆழத்துக்கு மேல் போகாத, அகலமான மண் சட்டி போதும். நடுவில் ஒரு கல் போட்டால் தேன்சிட்டு போன்ற சின்னப் பறவையும் உட்கார்ந்து குடிக்கும். தினமும் கொட்டிவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு வாரம் விட்டால் கொசு உற்பத்தியாகிவிடும்.

தீனித் தட்டு வேண்டவே வேண்டாம். தானியம் போட்டால் முதலில் வந்து நிற்பது மாடப்புறா. அப்புறம் அதன் எச்சம், அண்டை வீட்டார் சண்டை. கடைசியில் பால்கனிக்கு வலை கட்டச் சொல்வார்கள், தொய்வாகக் கட்டிய வலையில் வேறு பறவைகள் சிக்கிச் சாகும். எச்சத்தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலும் பாதிக்கும்.

காக்கைக்கு வைக்கும் சோறு மட்டும் விதிவிலக்கு. அமாவாசைக்கோ தினமுமோ வைக்கிறவர்களை நான் தடுப்பதில்லை, முறையோடு வைத்தால் போதும். ஒரு கைப்பிடி போதும். குழம்பு, ஊறுகாய், அப்பளம் எதுவும் கலக்காத வெறும் சோறாக இருக்கட்டும். தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சோற்றைக் கொண்டுபோய் அதில் நனைத்துத் தண்ணீரைக் கெடுத்துவிடும். நேரத்தை மாற்றாமல் வையுங்கள், அரைமணி கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் இரவில் எலி வரும். கீழ்வீட்டுச் சன்ஷேடில் போடக் கூடாது. கோடையில் காக்கை கூடு கட்டியிருக்கும், கூடு உங்கள் பால்கனியை ஒட்டிய கிளையில் இருந்தால் தலையில் கொத்த வரும். அப்படியென்றால் குஞ்சு பறக்கும் வரை சோற்றை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். அந்தக் கூட்டிலிருந்து வெளிவரும் ஒரு குஞ்சு காக்கை மாதிரி இல்லாமல் கத்தினால் அது குயில் குஞ்சு. காக்கையே அதற்கு ஊட்டுவதைப் பார்க்க உங்களுக்கு நல்ல வாய்ப்பு.

அவர் சொன்ன மரக்கூடும் அவசரமில்லை. சிட்டுக்குருவி உங்கள் தெருவில் இருந்தால் மட்டும் ஒன்று மாட்டலாம். வாசல் துளை மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும், பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும்.

முன்பணத்துக்கு வருகிறேன். போனில் பேசாமல் அவருக்குச் செய்தியாக எழுதுங்கள்: கிளி விற்பது சட்டப்படி குற்றம் என்று தெரிந்துகொண்டேன், எனக்கு எதுவும் வேண்டாம், ஆயிரம் ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கிளியை விற்பதாக அவர் அனுப்பிய செய்தியோ படமோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அதன் நகலோடு மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு புகார் போட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் வலியோடு நீங்கள் போக வேண்டாம், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் போதும்.