மூலை வீட்டைக் கடையாக்க 8,000 வெள்ளி கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், ஜாலான் காயு கடைகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் எங்களுக்கு ஒரு மூலைத் தரைவீடு இருக்கிறது. மாமனார் வாங்கியது. நாலு வீடு தள்ளிக் கடை வரிசை. கீழ்த்தளத்தைச் சாப்பாட்டுக் கடையாக்கி வாடகைக்கு விடலாம் என்று கணவருக்கு ஆசை. நில ஆலோசகர் என்று ஒருவர் வந்து, "இந்த ஏரியாவே மாறப் போகிறது. குடியிருப்பு மண்டலத்தை வர்த்தகமாக மாற்றித் தருகிறேன், கமிட்டியில் ஆள் தெரியும்" என்று 8,000 வெள்ளி கேட்டார். 1,500 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டோம். அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே திட்டக் குழு பொது விசாரணை வைத்துத்தான் முடிவெடுக்கும், நீங்களும் அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள் என்கிறான். மருமகள் வீட்டில் தமிழ் டியூஷன் எடுக்கிறாள், அதற்கும் ஏதாவது சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது. இங்கே யார், எப்படி முடிவு செய்கிறார்கள், ஐயா? (ஒரு வாசகி)

பதில்: சகோதரி, மீதி 6,500 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மகன் சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அமெரிக்க நகரங்களில் பெரும்பாலும் நியமிக்கப்பட்ட ஒரு திட்டக் குழு இருக்கும். நிலத்தின் மண்டலத்தை மாற்றக் கேட்டால் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புப் போகும், ஒரு மாலையில் கூட்டம் நடக்கும், ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒலிவாங்கி முன் நின்று பேசுவார்கள். குழு பரிந்துரை செய்யும், பிறகு நகர மன்றம் வாக்களிக்கும். சிங்கப்பூரில் அப்படி ஒரு கூட்டமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. இங்கே திட்டமிடல் சட்டப்படி அதிகாரம் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் இருக்கிறது. அதன் அதிகாரிகள் கோப்பைப் படித்து, மற்ற அரசு அமைப்புகளைக் கேட்டு, முடிவை எழுதி அனுப்புவார்கள். கமிட்டியில் ஆள் தெரியும் என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று: அவருக்கு யாரையும் தெரியாது, அல்லது அவர் உங்களை லஞ்சத்துக்குள் இழுக்கிறார். இரண்டாவது என்றால் விஷயம் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். பணம் கொடுத்தவரும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

இனி முடிவு எப்படி எடுக்கிறார்கள் என்பது. எல்லாவற்றுக்கும் அடிப்படை பெருந்திட்டம். தீவின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் என்ன பயன்பாடு, எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்பதைச் சொல்லும் சட்டபூர்வமான வரைபடம் அது. அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளை மனத்தில் வைத்துப் போடுவார்கள், ஐந்தாண்டுக்கு ஒரு முறை திருத்துவார்கள். கடைசித் திருத்தத்துக்கான வரைவை 2025 ஜூனில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒரு பகுதி உண்மையிலேயே "மாறப் போகிறது" என்றால் அது இந்த வரைபடத்தில்தான் முதலில் தெரியும். தரகர் வாயில் தெரியாது.

ஆணையத்தின் இணையதளத்தில் ஸ்பேஸ் என்று ஒரு வரைபடம் இருக்கிறது, பார்க்கக் காசு இல்லை. உங்கள் முகவரியைத் தட்டிப் பாருங்கள். குடியிருப்பு நிலம் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வர்த்தக நிலம் நீலம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், முன்பு ஒரு குடும்பம் என்னிடம் ஒரு கோப்பு கொண்டு வந்தது. தரகர் கொடுத்த வண்ணப் பிரதி. அவர்கள் வீட்டின்மேல் மட்டும் நீலம் அடித்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். நீலத்துக்கு அடியில் ஆரஞ்சு தெரிந்தது, ஓரத்தில் மை கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. மார்க்கர் பேனா! அந்தக் காகிதத்தை நம்பி அவர்கள் 5,000 வெள்ளி கொடுத்திருந்தார்கள். யாராவது வரைபடம் காட்டினால் காகிதத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் கைப்பேசியில் நீங்களே திறந்து பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அந்தக் கடை வரிசை, பெரும்பாலும் "குடியிருப்பு, கீழ்த்தளத்தில் வர்த்தகம்" என்ற பிரிவில் இருக்கும். கீழே கடை, மேலே வீடு. நாலு வீடு தள்ளி இருப்பது உங்களுக்கு ஒரு உரிமையையும் தராது. எல்லைக் கோடு எங்கோ ஓரிடத்தில் விழுந்துதானே ஆக வேண்டும்? அது உங்கள் வீட்டுக்கு முன்னால் விழுந்திருக்கிறது. அதிகாரி முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வியே இதுதான்: இந்த ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்கு என்ன காரணம் சொல்லி மறுப்பது? ஒரு வீட்டுக்கு மட்டும் நிறம் மாற்றுவதைக் கிட்டத்தட்ட யாரும் ஆதரிக்க மாட்டார்கள். அப்புறம் கார். பரோட்டா சாப்பிட இரவில் வருபவர்கள் வண்டியை எங்கே விடுவார்கள் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் கேட்கும். உங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நின்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். சமையல் புகை, எண்ணெய்க் கழிவு, கழிவுநீர், தீப் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் தன் கருத்தைச் சொல்லும்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது மண்டல மாற்றம்கூட இல்லை. அதைத் தரகர் வேண்டுமென்றே குழப்புகிறார். பெருந்திட்டத்தில் நிலத்தின் நிறத்தை மாற்றுவது ஒன்று. கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி கேட்பது வேறொன்று. முதலாவதை நிலச் சொந்தக்காரர் கேட்கலாம். ஆனால் அது கட்டடக் கலைஞர் வைத்து, பெரிய மேம்பாட்டுத் திட்டத்தோடு போகிற விஷயம். தனி வீட்டுக்காரர் போகும் வழி இரண்டாவது. கட்டட வேலை இல்லாத பயன்பாட்டு மாற்றத்துக்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை. ஆனால் குடியிருப்பு வரிசையில் சாப்பாட்டுக் கடைக்கு விண்ணப்பித்தால் மறுப்புதான் வரும் என்பது என் அனுபவம். விண்ணப்பக் கட்டணமும் வீண்.

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. முப்பது வருடமாக இந்த விண்ணப்பங்களோடு உழல்கிறேன். "இது கிடைக்காது, காசை வீணாக்காதீர்கள்" என்று அலுவலகங்களில் யாராவது முகத்துக்கு நேராகச் சொன்னால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்! "சமர்ப்பியுங்கள், பரிசீலிக்கிறோம்" என்பார்கள். பிறகு இரண்டு வரியில் ஒரு கடிதம் வரும்: சுற்றுப்புறக் குடியிருப்புச் சூழலுக்குப் பொருந்தவில்லை. வயதான ஒருவருக்கு அந்த ஆங்கிலம் எப்படிப் புரியும்? எந்தக் காரணம் பெரிது, எது சிறிது, எதைச் சரிசெய்தால் கிடைக்கும், எதைச் சரிசெய்தாலும் கிடைக்காது என்று ஒன்றும் தெரியாது. இந்தப் பூடகப் பேச்சுதான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. கடிதத்தை அவர் வாங்கிப் படித்துவிட்டு, "இன்னொரு 3,000 வெள்ளி, மேல்முறையீடு செய்துவிடலாம்" என்பார்.

மேல்முறையீடு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. மறுப்பு வந்த 60 நாளுக்குள் தேசிய வளர்ச்சி அமைச்சருக்கு எழுதலாம். அவர் சொல்வது இறுதி முடிவு. ஆனால் சொல்வதற்குப் புதிய நியாயம் ஏதாவது இருக்க வேண்டும். வாடகை தேவை, குடும்பக் கஷ்டம் என்பதெல்லாம் திட்டமிடல் காரணங்கள் ஆகாது. நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் பார்த்தால் கடிதம் எழுதித் தருவார், அதற்குப் பதிலும் வரும். நிறம் மாறாது.

கையெழுத்து வாங்குவது பற்றி. பொதுமக்களின் குரலுக்கு இங்கே மதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். டோவர் காட்டுப் பகுதியில் வீடுகள் கட்டும் திட்டத்துக்கு ஏராளமானோர் கருத்துச் சொன்ன பிறகு, 2021ல் கிழக்குப் பாதியில் மட்டும் முதலில் கட்டுவது, மேற்குப் பாதியை ஏறத்தாழ பத்தாண்டுக்கு விட்டுவைப்பது என்று முடிவானது. அது ஒரு வட்டாரத்தின் கவலை. உங்கள் கையெழுத்துத் தாள் ஒரு வீட்டின் வாடகைக்கு. பக்கத்து வீட்டு அம்மா முகத்துக்காகக் கையெழுத்துப் போடுவார், மாலையே மகனிடம் வருத்தப்படுவார். உறவு கெடுவதுதான் மிச்சம்.

நிறம் மாறினால் எப்போதும் லாபம் என்றும் எண்ணாதீர்கள். கேலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கேலாங் சாலை, கில்லமார்ட் சாலை, லோரோங் 4, லோரோங் 22 இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியை 2015ல் "குடியிருப்பு/நிறுவனம்" என்பதிலிருந்து "வர்த்தகம்/நிறுவனம்" என்று மாற்ற ஆணையம் முன்வந்தது. அங்கே குடியிருப்பவர்களுக்கும் மற்றத் தொழில்களுக்கும் உரசல் கூடிவிட்டது என்பது காரணம். இருக்கிற வீடுகள் இருக்கலாம், புதிதாக அடுக்குமாடி எழுப்ப முடியாது. அடுக்குமாடி கட்டலாம் என்ற கணக்கில் அங்கே நிலம் வாங்கி வைத்திருப்பவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் வட்டாரம் முழுவதையும் பார்த்து மாற்றும். யாருடைய கணக்குக்காகவும் மாற்றாது.

ஒரு பேச்சுக்கு, உங்களுக்கு மாற்றம் கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். தரகர் சொல்லாத செலவு அப்போது வரும். பயன்பாடு மாறி நிலத்தின் மதிப்பு கூடினால், கூடிய மதிப்பில் ஒரு பங்கை அரசுக்குக் கட்ட வேண்டும். முன்பு மேம்பாட்டுக் கட்டணம் என்றார்கள். 2007ல் அந்தப் பங்கை 50 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் அதற்குப் பதிலாக நில மேம்பாட்டு வரி வந்தது, சிங்கப்பூர் நில ஆணையம் வசூலிக்கிறது. விகிதங்களை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை திருத்துகிறார்கள். தீவை 118 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம். அந்தக் கணக்கை உங்களுக்கு இங்கே போட்டுக் காட்டப் போவதில்லை, தேவையும் இல்லை. வாடகை உங்கள் கைக்கு வரும் முன்பே பெரிய தொகை வெளியே போகும் என்பது தெரிந்தால் போதும்.

அனுமதி இல்லாமலே ஆரம்பித்துவிடலாம் என்று கணவர் நினைத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம்.

மருமகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் வீட்டில் நடக்கும் தொழில் பெரும்பாலும் இதுதான். தேவையில்லாமல் பயந்து நல்ல வருமானத்தை நிறுத்திவிடுகிறார்கள், இல்லாவிட்டால் அளவு மீறிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்தே சிறிய அளவில் தொழில் செய்ய அனுமதி கேட்கத் தேவையில்லை. டியூஷன் எடுக்கலாம், ஒரு நேரத்தில் மூன்று மாணவர்கள் வரை. ஒரு நாளைக்கு மூன்று பேர்தான் என்று யாராவது சொன்னால் அது தவறு, ஒரே நேரத்தில் மூன்று பேர். நான்காவது பிள்ளை வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அது வகுப்பு, வீட்டுத் தொழில் ஆகாது. தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் செய்து விற்கலாம், அதற்கு உணவு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் கல்யாணத்துக்கும் அலுவலக விருந்துக்கும் மொத்தமாகச் சமைத்து அனுப்பக்கூடாது, அது உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய தொழில். வேலைக்கு ஆள் வைக்கக்கூடாது, வீட்டில் வசிப்பவர்கள் உதவலாம். உங்கள் தங்கை எதிர்த் தெருவிலிருந்து வந்து மாவு பிசைகிறார், சம்பளமும் வாங்குகிறார் என்றால் அவர் வெளியாள். வாசலில் பெயர்ப்பலகை கூடாது. பெரிய இயந்திரங்கள் கூடாது. லாரி வந்து சரக்கு இறக்குவது கூடாது. வாடிக்கையாளர் வாசலில் வரிசை பிடித்து நின்றால் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்கள், புகார் வந்துவிட்டால் எல்லாம் கண்ணில் படும். மருமகள் தாராளமாகத் தொடரட்டும், மூன்று நாற்காலிக்கு மேல் போடாமல்.

கடைசியாக, கணவர் வீட்டை விற்கும் யோசனையில் இருந்தால் "மண்டல மாற்ற வாய்ப்பு" என்று விளம்பரத்தில் போட விடாதீர்கள். வாங்குபவரின் வழக்கறிஞர் ஆணையத்துக்கு எழுதி நிலத்தின் பயன்பாட்டைக் கேட்பார், பதிலில் குடியிருப்பு என்றே வரும். வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லி விற்றதற்குப் பிறகு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், முகவர் வேறு வீட்டு விளம்பரத்துக்குப் போயிருப்பார். விற்க வரும் முகவர் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு செய்தவரா என்று அதன் பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். நில ஆலோசகர் என்று அட்டை அடித்துக்கொள்ள யாருக்கும் பதிவு வேண்டாம்.

அந்த 1,500 வெள்ளி. வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: விண்ணப்பம் போட்டாயிற்றா, விண்ணப்ப எண் என்ன? உண்மையில் சமர்ப்பித்திருந்தால் எண் இருக்கும். போன் செய்து கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். எண் வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தர ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, அதையும் எழுதி அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் மாற்றிய வங்கிப் பதிவு, அவர் கொடுத்த அட்டை, "கமிட்டியில் ஆள் தெரியும்" என்று அவர் எழுதிய செய்தி இருந்தால் அதுவும், மூன்றையும் இன்றைக்கே ஒரே உறையில் போட்டு வையுங்கள்.