சீழ் நின்ற பிறகு: காது அறுவை பற்றிய கேள்விகள்

செவிப்பறை ஓட்டையை அடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சீழ் அறவே நின்றுவிட்டது. ஆனால் காது கேட்பது பழையபடி மந்தமாகவே இருக்கிறது. அறுவை தோற்றுவிட்டதா?

இல்லை. சீழ் வடியும் காதில் நோயை அகற்றுவது முதல் வேலை, காதை உலர வைப்பது அடுத்தது. கேட்கும் திறன் மூன்றாவதுதான். இதை அறுவைக்கு முன்பே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். நாட்பட்ட சீழில் பெரும்பாலும் முதலில் அரிக்கப்படுவது நடுச்செவியில் ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகளில் நடுவிலுள்ள பட்டடை எலும்பின் நீண்ட கால். அந்தக் காலின் நுனி மூன்றாவது எலும்பான அங்கவடியைத் தொடாமல் போனால், ஓட்டையை அடைத்த ஒட்டு என்னதான் நன்றாகப் பிடித்திருந்தாலும் ஒலி உள்ளே சரியாகச் செல்லாது. கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான உங்கள் ஆடியோகிராமில் காற்றுவழி (காதுக் குழாய் வழியே), எலும்புவழி (மண்டை எலும்பு வழியே நேரே உட்செவிக்கு) என இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 டெசிபெலுக்குள் இருந்தால் நாங்கள் திருப்தி அடைவோம். அதிகமாக இருந்தால் சிற்றெலும்புச் சங்கிலியைச் சீரமைப்பது பற்றிப் பேசலாம். இரண்டு கோடுகளும் சேர்ந்தே தாழ்ந்திருந்தால் குறை உட்செவியில் இருக்கிறது. அதற்குக் கத்தி வேண்டாம், காதுக் கருவி போதும்.

ஒன்பது வயது மகளுக்குக் கொலஸ்டியடோமா அறுவை நடந்தது. இப்போது ஒரு தொல்லையும் இல்லை. ஆனாலும் ஓராண்டில் மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அவசியமா?

பெரும்பாலும் அவசியம்தான். கொலஸ்டியடோமா புற்றுநோய் அல்ல; இருக்கக் கூடாத இடத்தில் வளரும் தோல். ஆனால் எலும்பை அரிக்கும். கடுகளவு மிச்சம் இருந்தாலும் ஓசைப்படாமல் வளரும். காதுக் குழாயின் பின்சுவரை எடுக்காமல் செய்த அறுவை என்றால், காது வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். மிச்சம் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். குழந்தைகளிடம் நோய் திரும்பும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம்.

திறப்பதற்குப் பதிலாகச் சிலருக்கு டிஃப்யூஷன் வகை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கிறோம். நல்ல கருவிதான். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் குறைவானது அதன் கண்ணுக்குத் தப்பலாம் என்பதால், ஒரு ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்று நிறுத்திவிட முடியாது. இன்னொன்று: மூக்குக்கும் நடுச்செவிக்கும் இடையிலான குழல் சரியாக வேலை செய்யாதவரை, செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுப் புதிதாகவே நோய் தோன்றலாம். வெறும் பையாக இருக்கும் கட்டத்தில் அதை ஸ்கேன் காட்டாது. நுண்ணோக்கியில் நேரில்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளாக நோய் திரும்பவில்லை. இனி பரிசோதனையை விட்டுவிடலாமா?

வேண்டாம். பத்தாண்டு கழித்து நோயோடு வந்தவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை என்பது பெரிய சுமை அல்ல.

காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பில் அறுவை செய்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. காதைச் சுத்தம் செய்யும்போதும் சொட்டு மருந்து விடும்போதும் தலை சுற்றுகிறது. ஆபத்தா?

காதுக் குழாயின் பின்சுவரை எடுத்துவிட்டதால் உங்கள் காதில் ஒரு குழி இருக்கிறது. அங்குள்ள தோல் தன் கழிவைத் தானே வெளியே தள்ளாது. அதனால்தான் ஆயுள் முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. சமநிலை உறுப்பின் ஓர் அரைவட்டக் குழல் அந்தக் குழியை ஒட்டியே போகிறது. குளிர்ந்த மருந்தோ உறிஞ்சு கருவியின் காற்றோ பட்டால் உள்ளிருக்கும் திரவம் அசைந்து தலை சுற்றும். சொட்டு மருந்துப் புட்டியைச் சில நிமிடங்கள் உள்ளங்கையில் பொத்தி வைத்துவிட்டு ஊற்றுங்கள். அப்படி எதுவும் படாமலே சுற்றினாலும், காதை அழுத்தும்போது சுற்றினாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் குழலின் எலும்பு அரிக்கப்பட்டிருக்கலாம்.

அறுவைக்குப் பின் நாக்கில் உலோகச் சுவை. மூன்று மாதமாகியும் போகவில்லை.

சுவை நரம்பின் கிளை ஒன்று நடுச்செவிக்குள் குறுக்கே ஓடுகிறது. நோயை எடுக்கும்போது அது இழுபடலாம், சில சமயம் வெட்டவும் நேரிடும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும்.

அரிக்கப்பட்ட காது எலும்புக்குப் பதிலாக டைட்டானியம் எலும்பு வைத்தார்கள். எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? எம்ஆர்ஐ எடுக்கலாமா?

உலோகம் தேயாது, அதைச் சுற்றியுள்ள காதுதான் மாறும். செவிப்பறை உள்ளே இழுபட்டால் அந்த உலோக எலும்பு நகரும், சிலருக்குச் செவிப்பறையைத் துளைத்து வெளியே வரும். இரண்டுக்கும் இடையில் மெல்லிய குருத்தெலும்பு வைப்பது இதைத் தடுக்கத்தான். திடீரெனக் கேட்பது குறைந்தால் உடனே காட்டுங்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்பதால் பொதுவாக எம்ஆர்ஐ எடுக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது டைட்டானியம்தான் என்று ஸ்கேன் அறையில் காட்ட அறுவைக் குறிப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள்.