காய்ச்சலும் பாய்ச்சலும்: வாசகர் கேள்வி பதில்

தென்பெண்ணைக் கரை ஊர்களில் 31 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் தருகிறார்.

கேள்வி: கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் பாயும் தோட்டத்துப் புதினா, கொத்தமல்லிதான் எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஆற்றில் நுரை பொங்குவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சாப்பிடலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி வரும் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்துதான் அந்த நுரை. நுரையாவது கண்ணில் படுகிறது. கூடவே வரும் மலக்கிருமி படுவதில்லை, எனக்கு அதுதான் கவலை. ரசத்தில் கொதிக்கிற மல்லியில் கிருமி இருக்காது. பச்சையாக அரைக்கும் சட்னியில் இருக்கலாம். கழுவினால் குறையும், முழுக்கப் போகாது. அதனால் வதக்கி அரையுங்கள். இன்னொன்று, அந்தத் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்று களை எடுக்கிறார்களே, அவர்களைப் பற்றியும் யாராவது கேட்க வேண்டும். கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரைப் பரிசோதித்ததில் நைட்ரேட் 80 என்று வந்திருக்கிறது. நன்றாகக் காய்ச்சித்தான் மூன்று மாதக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கிறோம். போதும்தானே?
– வாசகி, திருக்கோவிலூர் வட்டம்

பதில்: போதாதும்மா. அந்தத் தண்ணீரில் பவுடர் கரைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் நம் நாட்டில் நைட்ரேட்டுக்கு வைத்திருக்கும் எல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது; அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். ஒரு லிட்டர் முக்கால் லிட்டராகச் சுண்டினால் உங்கள் 80 ஏறக்குறைய 107 ஆகிவிடும்.

வீடு வீடாகப் போய் "காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லி வந்தவன் நான். வாந்திபேதிக்கும் மஞ்சள் காமாலைக்கும் அது சரியான பேச்சு. ஆனால் ஒரு வீட்டில் என் பேச்சைக் கேட்டு, பானை பாதியாகும் வரை கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பத்தடி தூரத்தில் எருக்குழி. மறுபக்கம் கழிவறைக் குழி. வேலிக்கு அப்பால் கரும்பு, வரப்பில் காலி யூரியா மூட்டைகள். தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. நாற்றமில்லை, ருசியிலும் குறையில்லை. என்னிடம் இருந்த குளோரோஸ்கோப் குளோரின் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகுதான் நைட்ரேட் தெரிந்தது. அன்றிலிருந்து "காய்ச்சுங்க" என்று சொல்வதற்கு முன்னால் போர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

போடுகிற யூரியா முழுவதையும் பயிர் எடுப்பதில்லை. மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, பாய்ச்சும் தண்ணீரோடு கீழே இறங்குகிறது. எருக்குழியும் கழிவறைக் குழியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது உள்ளே போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பூத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தாய் குடிக்கும் தண்ணீரின் நைட்ரேட் பாலில் அதிகம் சேராது. பவுடர்தான் என்றால், சோதித்துச் சரி என்று தெரிந்த தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கலந்து கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பக்கத்து வீட்டுப் போரையும் சோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுகிறார்கள். எல்லா மாவட்டத்திலும் இல்லையாமே? நாங்கள் நெல் போடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: உண்டு. இந்தியாவில் இந்த நோய் முதலில் தெரியவந்ததே நம் பக்கத்தில்தான், 1955-ல் வேலூரில். கடலூரும் விழுப்புரமும் இது திரும்பத் திரும்ப வந்த மாவட்டங்கள், அதனால்தான் தடுப்பூசி. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தவற விடாதீர்கள்.

இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடைக் கொசு இல்லை, வயல் கொசு. நடவு முடிந்து தேங்கி நிற்கும் தண்ணீரில் முட்டையிடும். வயலுக்கு வரும் கொக்கு, நாரையிடமிருந்து வைரஸை எடுத்துக்கொள்ளும். அது பன்றியைக் கடித்தால் பன்றி உடம்பில் வைரஸ் பெருகும். மாட்டைத்தான் அதிகம் கடிக்கும், ஆனால் மாட்டில் வைரஸ் பெருகாது. மனிதனைக் கடித்தால் நோயாளியோடு சங்கிலி நின்றுவிடும், ஆனால் அந்த நோயாளி பெரும்பாலும் ஒரு குழந்தை. மதுரைப் பக்கத்து வயல்களில் செய்த ஆய்வில், யூரியா போட்ட வயலில் இந்தக் கொசுப்புழு கூடியது தெரிந்தது. ஆக, உரச் செலவைக் குறைத்தால் கொசுவும் குறைய வழி உண்டு.

உங்கள் ஊர் உழவர்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று ஒரு முறை சொல்வார்கள். பாய்ச்சிய தண்ணீர் வடிந்து மண் காயத் தொடங்கிய பிறகுதான் அடுத்த பாய்ச்சல். புழு கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். நடுவில் வயல் காய்ந்தால் செத்துப்போகும். தண்ணீர் மிச்சமாவதற்காகச் சொன்ன முறைதான், ஆனால் நான் குழந்தைகளுக்காகத்தான் அதைச் சொல்லி வந்தேன். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. ஒருவர் மட்டும் செய்து பலனில்லை, ஒரு மடையில் பாயும் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழை வயலைக் காயவிடாது. அந்தக் காலத்துக்குத் தடுப்பூசியும் கொசுவலையும்தான் துணை. பன்றிப் பட்டி ஊருக்குள் வேண்டாம்.

கேள்வி: 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் சிலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. வீட்டில் எலியே இல்லையே, எப்படி?
– வாசகி, விழுப்புரம்

பதில்: எலி வயலில் இருந்தது. வரப்பு வளை மூழ்கியதும் அது மேட்டுக்கு ஓடிவந்தது. அதன் சிறுநீர் கலந்த சேற்றில் நீங்கள் நடந்தீர்கள். குதிகால் வெடிப்பு ஒன்று போதும், கிருமி உள்ளே போய்விடும். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தொட்டாலே வலி, கண் சிவப்பு இருந்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்காதீர்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் சுலபமாகக் குணமாகும், விட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். டாக்டரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள். "பத்து நாளைக்கு முன்னாடி வெள்ளத்துல இறங்கினேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.